சிரிப்பு வராத பேய் தேவை

செப்டம்பர் 3, 2025

சாளை மீன் குழம்பு. பிரஷர் மாத்திரை போட மறந்தாயிற்று. வேறு விசேஷம் இல்லை என்று எழுத உட்காரும்போது அனுஜா வந்து கேட்கிறாள்: "அப்பா, பேயா நடிக்கியளா?"

கடைசி வருஷம் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிற என் ஒரே மகள். ஒன்றரை நிமிஷத்தில் பேய்ப்படத்துக்கு ட்ரெய்லர் எடுக்கணுமாம். பேர் 'கிட்டங்கி', அதாவது குடோன். பூட்டிக் கிடக்கிற உப்புக் கிட்டங்கியில் செத்துப்போன மேஸ்திரி ஒருத்தன் யாருக்கோ காத்திருக்கிறான். அவ்வளவுதான் கதை. நடிக்க ஒத்துக்கொண்ட நேசக்குமார் என்கிற பையன் வேலை கிடைத்து ஓசூர் போய்விட்டானாம்.

"கூடப் படிக்கிறவனெல்லாம் சின்னப் பையனா இருக்கான். வயசான பேய் வேணும்."

எனக்கு ஐம்பத்திரண்டுதான்.

சிரிக்கிற விஷயமில்லை என்று எனக்கும் தெரியும். போன செமஸ்டரில் இவள் எடுத்த சோகப் படத்தைப் பார்த்து வகுப்பே சிரித்துவிட்டது. பொணத்துக்குத் தும்மல் வந்ததை எடிட்டிங்கில் கவனிக்கவில்லை. ஒரு வாரம் காலேஜ் போகாமல் கிடந்தாள். இந்த முறையும் சிரித்தால் படிப்பை விட்டுவிடுவேன் என்கிறாள். சும்மா சொல்கிற பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரி மெட்டில்டா மகள்.

ஒத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 4

கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பேச்சிமுத்துவிடம் கண்ணை உருட்டிப் பார்த்தேன். "என்ன அண்ணாச்சி, பல்வலியா?"

செப்டம்பர் 7, ஞாயிறு

பூசை முடிந்ததும் உப்பளத்துக்குப் போனோம். மழை தொடங்கிவிட்டால் அங்கே வண்டி போகாது. கேமராவுக்கு அவள்கூடப் படிக்கிற ரெக்சன். நல்ல பையன், ஆனால் அவன் முடிக்குப் பேய் வேஷம் அவனுக்கே பொருந்தும்.

வெட்டவெளியில் உச்சி வெயில். இதை எடுத்து ராத்திரியாக்கப் போகிறார்களாம். வெளிச்சத்தைக் குறைத்து எடுத்து, வானம் தெரியாமல் பார்த்துக்கொண்டு, அப்புறம் கம்ப்யூட்டரில் நீலத்தை ஊற்றினால் நிலா வெளிச்சமாம். உப்புக் குவியல் எல்லாம் வெள்ளை வெள்ளையாய் வரிசையாக நின்றது, கல்லறைத் தோட்டம் மாதிரி. "ராத்திரியே எடுத்தா என்ன?" என்றேன். "ஒம்பது மணிக்கு மேல நீங்க முழிச்சிருப்பியளா?" என்றாள். நியாயம்.

என் நடிப்பைப் பற்றி என்ன எழுத? எங்கள் பங்குக் கோயில் நாடகத்தில் வருஷா வருஷம் நான்தான் சாத்தான். கடல் காத்தையும் மீறிக் கடைசி வரிசைக்குக் கேட்கணும். முன்வரிசையில் சாமியார் இருப்பார், அவருக்கு முதுகு காட்டக் கூடாது. அந்தப் பழக்கத்தில், "நான் வந்துவிட்டேன்!" என்று கத்தினேன். ரெக்சன் காதிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான்.

"பேய் பேசாது, அப்பா."

"சரி."

"அப்படியே திரும்பி உள்ளே நடங்க."

கேமராவுக்கு முதுகைக் காட்ட உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர்ந்தேன். ரெக்சன் கேமரா குலுங்கியது. அனுஜா சிரிக்கவில்லை.

நடுவில் இரண்டு பேரும் சர்பத் குடிக்கப் போனார்கள். முகம் முழுக்க வெள்ளைப் பூச்சோடு நான் கடைக்குப் போக முடியாதே, கிட்டங்கி வாசலில் என்னை உட்கார வைத்துவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்குத்தான் மெட்டில்டா மஸ்கட்டிலிருந்து கூப்பிடுவாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், மூன்று வருஷம் ஆகிறது. இன்று கூப்பிடவில்லை. டூட்டியாக இருக்கும்.

செப்டம்பர் 9

அனுஜா எடிட் பண்ணுகிறாள். லேப்டாப் மாவு மில் மாதிரி இரைகிறது. எட்டிப் பார்த்தேன். அடேயப்பா, நிஜமாகவே ராத்திரி! உப்பு மின்னுகிறது. கதவு கிரீச்சிடுகிறது, அது எங்கள் வீட்டு அலமாரிக் கதவு. எல்லாம் பிரமாதம், நான் வருகிற வரைக்கும்.

ஏணி கேட்டு வந்த பக்கத்து வீட்டுச் செபாஸ்டின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். குடித்த காபி மூக்கு வழியாக வந்துவிட்டது அவனுக்கு. "ஏலே அம்புரோசு! செத்த பெறவும் தொப்பை கொறையலியால?"

நானும் சேர்ந்து சிரித்தேன். பலமாகவே சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் அனுஜா லேப்டாப்பை மூடிக்கொண்டு உள்ளே போகிறாள்.

நான் எதுக்குச் சிரிச்சேன்?

செப்டம்பர் 10

துணி எடுக்க மாடிக்குப் போனேன். ரெக்சனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஒட்டுக் கேட்கவில்லை, காதில் விழுந்தது. (ஒட்டுத்தான் கேட்டேன்.)

"தெரியும்ல, அப்பா வந்தா சிரிப்புத்தான் வரும். ஆனா அவங்கள எப்படி வெட்டச் சொல்லுத? அம்மா மஸ்கட் போன பெறவு இப்பத்தான் ஒரு காரியத்த ஆசையா செய்யுதாங்க. கண்ணாடிக்கு முன்னால நின்னு பழகுதாங்கல. என்னால சொல்ல முடியாது. சிரிச்சா சிரிக்கட்டும்."

சிரிச்சா சிரிக்கட்டுமா? எனக்காகவா? ஏளா, நீ படிப்ப விடுறதுக்கு உன் அப்பன் தொப்பையா காரணமா இருக்கணும்? இந்தப் புள்ள எப்போ இவ்வளவு பெரிசாச்சு? நான் எங்கன இருந்தேன் —

துணியை எடுக்காமலே இறங்கிவிட்டேன்.

செப்டம்பர் 11

ராஜினாமா செய்தேன். முதுகுவலி, இனி நடிக்க முடியாது, எடுத்ததையும் தூக்கிப் போட்டுவிடு என்றேன்.

"எந்தப் பக்கம் வலிக்கி?"

"ரெண்டு பக்கமும்."

என் முகத்தையே பார்த்தாள். "கேட்டுட்டியளா, அப்பா?"

"என்னத்த?"

"சரி," என்றாள். அப்புறம் இருவரும் தோசை சாப்பிட்டோம்.

ஆனால் பேய் இல்லாமல் பேய்ப்படத்துக்கு என்ன செய்வாள்? வானம் வேறு மழைக்கு இருட்டுகிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

"அப்பா, ஒண்ணு காட்டணும். கோபப்படக் கூடாது."

சர்பத் குடிக்கப் போன அன்று ரெக்சன் கேமராவை அணைக்க மறந்திருக்கிறான். வாசலில் நான் உட்கார்ந்திருந்தது முழுக்கப் பதிவாகியிருக்கிறது. அதில் கொஞ்சத்தை வெட்டி, கையிலிருந்த போன் தெரியாமல் நெருக்கி, வேகத்தைக் குறைத்து, ராத்திரியாக்கி வைத்திருந்தாள்.

ஓர் ஆள் கதவோரம் உட்கார்ந்திருக்கிறான். குனிந்து பார்க்கிறான். நிமிர்ந்து வழியைப் பார்க்கிறான். மறுபடி குனிகிறான். வேறு ஒன்றுமே செய்யவில்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை. யாரோ உள்ளே இருந்ததையெல்லாம் காலி பண்ணி எடுத்துக்கொண்டு போனது மாதிரி.

எனக்குப் பயமாக இருந்தது. நான் கண்ணாடியில் பார்க்கிற ஆள் இவன் இல்லை. ஆபீசில், கோயிலில், செபாஸ்டின் வடை தின்றுகொண்டு நிற்கிற டீக்கடையில் — அங்கெல்லாம் போகிற ஆள் வேறு.

"நான் எப்பவும் இப்படியா இருக்கேன்?"

"யாரும் பாக்காதப்ப."

"அப்ப நீ?"

"நான் பாப்பேன் அப்பா."

ட்ரெய்லரில் போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஊருக்கு முன்னால் சாத்தானாக நிற்கலாம், இப்படி நிற்க முடியாது.

"எல்லாரும் பேயின்னுதான் நெனைப்பாங்க. நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 15

போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன். தொப்பையை மட்டும் வெட்டிவிடு என்றேன். "வெட்டியாச்சு," என்றாள்.

செப்டம்பர் 26

ஆபீசில் அரை நாள் லீவு. காலேஜில் எல்லார் படத்தையும் போடுகிறார்கள், குடும்பத்தாரும் வரலாம் என்றதால் நல்ல சட்டை போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மற்ற பிள்ளைகளின் பேய்களெல்லாம் தக்காளி சாஸ் வழிய வந்தன. ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு. அனுஜா முன்வரிசையில், தலை குனிந்து. முகத்தைத் துடைத்துத் துடைத்து எனக்கு லேஞ்சி நனைந்துவிட்டது, வேர்வையில்.

'கிட்டங்கி'. உப்பு. கதவு. எங்கள் அலமாரியின் கிரீச். அப்புறம் அந்த ஆள். வழியைப் பார்க்கிறான்.

ஒரு சத்தம் இல்லை. பாப்கார்ன் மென்றுகொண்டிருந்த பையன் மெல்லுவதை நிறுத்தினான்.

முடிந்து விளக்குப் போட்டார்கள். எனக்கு முன்னால் இருந்த பெண் பையைத் தேடித் திரும்பினாள், என் முகத்தைப் பார்த்தாள், "எம்மா!" என்று அலறி நாற்காலியோடு சாய்ந்தாள். அதற்குத்தான் சிரித்தார்கள். அதுவும் படம் முடிந்த பிறகு. பாடம் எடுக்கிற மேடமே இன்னொரு தடவை போடச் சொன்னார்கள்.

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அடுத்த செமஸ்டருக்கு என்ன படம் என்று ரெக்சனிடம் கேட்டு மெசேஜ் அனுப்பியிருக்கிறாள், போன் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒட்டுப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

மெட்டில்டாவுக்கு அனுஜா ட்ரெய்லரை அனுப்பியிருந்தாள். மத்தியானம் அவள் கூப்பிட்டாள். எடுத்ததும் ஆரம்பித்துவிட்டேன்: உன் வீட்டுக்காரன் இப்போ பெரிய ஸ்டாராக்கும், உன்னைப் பார்க்க நேரம் இருக்குமோ என்னமோ என்று.

அவள் சிரிக்கவில்லை.

"அது எந்த ஞாயித்துக்கெழமை எடுத்தது?"

"ஏழாந்தேதி."

"அன்னைக்கு ரெண்டு ஷிப்ட். நான் கூப்பிடல."

"அதுக்கென்ன, டூட்டின்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப கையில போன் வச்சிருந்தியளா?"

படத்தில் போன் தெரியாமல்தானே அனுஜா வெட்டியிருந்தாள். மூன்றாவது ஆளுக்கும் தெரிந்துவிட்டது.

வேடிக்கையாகச் சொல்ல என்னிடம் இரண்டு மூன்று பதில் எப்போதும் தயாராக இருக்கும். இன்றும் இருந்தது. அதற்குள் அவள் சொன்னாள்: "சிரிக்க வைக்க வேண்டாம். சும்மா பேசுங்க. எப்படி இருக்கியளோ அப்படிச் சொல்லுங்க."

அனுஜா தன் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

சொன்னேன்.