மேடு என்று நான் சொன்ன மனை

அம்பத்தூர்,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்புள்ள சௌம்யாவுக்கு அம்மா எழுதுவது,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை, பிரஷர் மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன். கால்கரியில் நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே, குழந்தை பவ்யாவுக்கு இருமல் நின்றதா என்று தெரிந்தால் மனசு ஆறும். இதை எதிர்வீட்டு சபீனா படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். போனில் சொன்னால் பாதியிலேயே நீ குறுக்கே பேசுவாய், எனக்கும் வாய் வராது, அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். நாளை மறுநாள், வியாழக்கிழமை, பத்திரப் பதிவு. நீ கொடுத்த பவர் பத்திரத்தை வைத்து நான் கையெழுத்துப் போட வேண்டும். போடப்போவதில்லை. தவறு என்னுடையது.

போன மாதம் தரகர் திருமுருகன் அந்தத் திருமழிசை மனையின் சர்வே வரைபடத்தைக் கொண்டுவந்தபோது, இடம் பள்ளமா என்று பார்க்கும்படி மாப்பிள்ளை போனில் சொன்னார். கான்வென்டில் வரைபடம் படிப்பதில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கியவள் நான் என்று உடனே ஆரம்பித்துவிட்டேன். ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களைச் சேர்த்துப் போடுவதுதான் சம உயரக் கோடு. அது வட்டத்துக்குள் வட்டமாக இருந்தது, நடுவட்டத்தில் நம் மனை. அப்படி இருந்தால் குன்று என்றுதான் எங்களுக்குப் பாடம், அதனால் மேடுதான், சந்தேகமே வேண்டாம் என்றேன். மாப்பிள்ளை தயங்கி, அத்தை, எண்ணையும் ஒரு தடவை பார்த்துடுங்க என்றார். கம்ப்யூட்டர் தட்டுகிறவருக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுவிட்டேன். சரி அத்தை, நீங்க சொன்னா சரி என்று விட்டுவிட்டார்.

நேற்று மனையைப் பார்த்துவரலாம் என்று பூந்தமல்லி வரை பஸ்ஸில் போய் ஆட்டோ பிடித்தேன். இடத்தைப் பார்த்ததும் ஆட்டோக்காரர் செல்வகுமாருக்குச் சிரிப்பு. இன்னாமா, இங்கயா ஊடு கட்டப்போறே, ரெண்டு நாள் மழை பெஞ்சா ஆட்டோ வராது, விரால் மீனுதான் வரும் என்றார். வரைபடத்தில் மேடு என்று இருக்கிறது, உனக்கென்ன தெரியும் என்று அதட்டினேன். அவர் கோபித்துக்கொள்ளாமல் பக்கத்து மதில் சுவரைக் காட்டினார். என் இடுப்பு உயரத்துக்குச் சேறு காய்ந்த கறை.

வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்து எண்களைப் படித்தேன். வெளிவட்டம் முப்பத்தொரு மீட்டர், அதற்குள் முப்பதரை, அதற்குள் முப்பது, நம் மனை இருபத்தொன்பதரை. உள்ளே போகப் போக இறங்குகிறது. வட்டங்களின் உட்பக்கம் சீப்புப் பல் மாதிரிச் சின்னச் சின்னக் கீற்றுகள் வேறு. பள்ளம் என்று காட்டத்தான் அதைப் போடுவார்கள், அதையும் படித்தவள்தான் நான். மூக்குக் கண்ணாடி போதவில்லை என்பதை உன்னிடம் மறைத்துவிட்டேன், எண் தெரியாமல் வடிவத்தை மட்டும் பார்த்துப் பதில் சொன்னேன். உடனே திருமுருகனைக் கூப்பிட்டுக் கேட்டேன். நீங்கதானேம்மா மேடுன்னு சொன்னீங்க, நான் ஒரு வார்த்தை சொன்னேனா என்றார். அது நிஜம், அதுதான் சுடுகிறது. வியாழக்கிழமை வரலேன்னா வேற பார்ட்டி ரெடியா இருக்கு என்று பயமுறுத்தியும் பார்த்தார். அந்தப் பார்ட்டியையும் எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள் என்று போனை வைத்துவிட்டேன்.

இந்த மனை முடிந்தால் இரண்டு வருஷத்தில் வீடு கட்டித் திரும்பிவிடுவோம் என்றாயே, அந்த அவசரம் உன்னைவிட எனக்கு அதிகம். இருந்தாலும் பரவாயில்லை, நீங்கள் வருவது தள்ளிப்போகட்டும். மாப்பிள்ளைக்கு இதை முழுசாகப் படித்துக்காட்டு, அவரை நான் கேட்ட கேள்வியையும் விடாமல் படி. அத்தை மன்னிப்புக் கேட்கிறாள் என்று சொல். இதற்கு முன் யாரிடமும் இப்படி எழுதிக் கேட்டதில்லை.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். பவ்யாவைக் கம்பளித் தொப்பி இல்லாமல் வெளியே விடாதே. இதைப் படித்ததும் கூப்பிடு. திட்டுவதானாலும் கூப்பிடு. நீ கூப்பிடாவிட்டாலும் வியாழக்கிழமை நான் வாசற்படி இறங்கமாட்டேன்.

உன் அம்மா,
சுகுணா லட்சுமணன்.