ஐந்தாவது பெயர்

பல்லாரட்
மே 27, திங்கள்கிழமை

அன்பு மகள் பிரோனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அதாவது என் முழங்காலையும் அவருடைய இடுப்பையும் கழித்துவிட்டால் மிச்சமெல்லாம் சுகம். அங்கே நீயும் நில்ஸும் நன்றாக இருக்க வேண்டும், குட்டி டூவாவின் இருமல் இதற்குள் நின்றிருக்க வேண்டும். போனில் பேசிவிட்டுக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன வாரம் இரண்டு தடவை ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் கூப்பிட்டேன், இரண்டு தடவையும் நீ குழந்தையின் இருமலைப் பற்றிச் சொன்னாய், நானும் நல்லவேளை என்று தேனைக் கொடு வெந்நீரைக் கொடு என்று பேசிவிட்டு வைத்துவிட்டேன். எழுதும்போது யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், அதனால் எழுதுகிறேன். கடைசிவரை படி.

இங்கே குளிர் இந்த வருடம் சீக்கிரமே வந்துவிட்டது. ஸ்டேடியத்தில் ஹீட்டர் வழக்கம்போல வேலை செய்யவில்லை, அணிப் பெண்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு பெஞ்சில் உட்காருகிறார்கள். அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகஸ்டில் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரை குனியாதீர்கள் என்று டாக்டர் சொன்னார், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குனிந்து செருப்பைத் தேடினார். எட்டு ஆட்டத்தில் மூன்றுதான் ஜெயித்திருக்கிறோம். அடுத்த சீசனுக்கும் நான் இருப்பேனா என்று கிளப் நிர்வாகம் கேட்டிருக்கிறது, இன்னும் பதில் சொல்லவில்லை, ஆனால் எனக்குப் பதில் தெரியும். அலுத்துவிட்டது பிரோன். பதினோரு வருடம் கூடைப்பந்து ஆடினேன், இருபத்தெட்டு வருடமாகப் பயிற்சியாளராக இருக்கிறேன், இன்றைக்கும் புது ஊர் ஸ்டேடியத்துக்குப் போனால் வாசலில் நிற்கிறவர் எனக்குப் பின்னால் வருகிற பிசியோ பையனிடம் கை நீட்டி வாங்க கோச் என்கிறார். உன்னைப் பந்து மூட்டைமேல் தூங்கவைத்துவிட்டுப் பயிற்சி கொடுத்த நாளிலிருந்து இதே கதைதான். முன்பெல்லாம் கோபம் வரும், இப்போது அந்தப் பையனின் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை ஆட்டத்தில் நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். டாம்சின் என்று ஒரு பெண் அணியில் சேர்ந்திருக்கிறாள் என்று சொன்னேன் அல்லவா, ஓயன் ஊர்ப் பக்கம் கோதுமை விளைக்கிறவர் மகள், பத்தொன்பது வயது, வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டாள் ஆனால் பந்தை எவளிடமிருந்தும் பிடுங்கிவிடுவாள். ஜெம்மாவுக்கு முட்டி போனதால் அந்த இடத்தில் டாம்சினுக்கு அது முதல் ஆட்டம். அவள் அப்பா நெவில், விதைப்பை நடுவில் நிறுத்திவிட்டு, டிராக்டர் கிரீஸோடு நாலு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆட்டத்துக்குமுன் ஸ்கோர் மேசையில் பன்னிரண்டு பேர் பட்டியலைக் கோச்தான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அதில் பெயர் இல்லாதவள் ஆட முடியாது, இதெல்லாம் நீ எட்டு வயதில் அந்த மேசையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதுதான். நான் போன வாரப் பட்டியலைப் பார்த்து அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஊன்றுகோலோடு வீட்டில் கிடக்கிற ஜெம்மாவின் பெயர் இருக்கிறது, டாம்சின் பெயர் இல்லை. படிக்காமலே கையெழுத்தும் போட்டுவிட்டேன். மூன்றாவது கால்பகுதியில் அவளை இறங்கச் சொன்னேன், மேல்சட்டையைக் கழற்றி வீசிவிட்டு ஓடினாள், மேசையில் இருந்த வெர்னா தாளை இரண்டு தடவை பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "கோரல், இந்தப் பொண்ணு பேரே இதுல இல்லையேம்மா, கையெழுத்து உன்னோடதுதான்" என்றாள். டாம்சின் திரும்பி வந்து கழற்றிய சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு கடைசி வரை உட்கார்ந்திருந்தாள். ஆட்டத்தில் ஜெயித்துவிட்டோம், அது இன்னும் மோசம், எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதிக்கும்போது அவளும் குதிக்க வேண்டியதாகிவிட்டது.

வெளியே நெவிலிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கத்தியிருந்தால் தேவலை. கையில் இருந்த காகிதத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "பரவால்ல கோரல், நாலு மணி நேரம் ஓட்டிட்டு வந்ததுக்கு வெங்காயம் போட்ட சாசேஜ் ரொட்டி நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். பிறகு டாம்சினைப் பார்த்தேன், தவறிப்போய் விட்டுவிட்டேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அப்புறம் மெதுவாக, "நான் சரியில்லன்னா நேராவே சொல்லியிருக்கலாமே கோச், இப்படி மறந்த மாதிரி பண்ணணுமா?" என்றாள். நேற்று காலை அவள் தங்கியிருக்கும் வீட்டுக்கே போனேன், இரண்டு வாரப் பட்டியலையும் சமையல் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போன வாரம் எழுதியதை வரிக்கு வரி எப்படிக் காப்பி அடித்தேன் என்று விரல் வைத்துக் காட்டினேன். ஜெம்மா பெயரைப் பார்த்த பிறகுதான் அவள் முகம் தெளிந்தது, "அய்யோ கோச், கண்ணாடி மாத்துங்க" என்று சிரித்துவிட்டாள். மூன்று நிமிடம் ஆகியிருக்குமா. காரில் வந்து உட்கார்ந்தேன், வண்டியை எடுக்க முடியவில்லை, மூன்று நிமிட வேலையை உனக்குப் பதினாறு வருடமாகச் செய்யாமல் இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் அழுதேன்.

பதினெட்டு வயதுக்கு உட்பட்ட மாநில அணித் தேர்வு முகாம் உனக்கு நினைவிருக்கும், மறந்திருக்க மாட்டாய். முப்பத்திரண்டு பெண்கள், பத்து இடம், நான் கோச். மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டின்போது பட்டியலை எழுதி முடித்துவிட்டேன், எப்போதும் போலத் திறமை வரிசைப்படி. மேசைக்கு எதிரே இருந்த இன்னொரு தேர்வாளர் என் பட்டியலைப் பார்க்கக்கூட இல்லை, சூப்பைக் குடித்துக்கொண்டே, "அம்மாவே கோச்சா இருந்தா ஜெர்சிய வீட்டுலயே தச்சிருவாங்கல்ல" என்றார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு உன் பெயரை அடித்தேன். யாரும் அடிக்கச் சொல்லவில்லை. நான் அந்த இடத்துக்கு வர எவ்வளவு பாடுபட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும், ஒரு சூப்புக்காரர் வாய்க்குப் பயந்து பெற்ற பிள்ளையைத் தள்ளிவிட்டேன். காரில் நீ ஏன் என்று கேட்டாய். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, இடது பக்கம் நகர்வதில் நீ மந்தம் என்றேன். அது பொய் பிரோன். அந்த முகாமில் இடது பக்கம் உன்னைத் தாண்டிப் போனவள் ஒருத்திகூட இல்லை.

அதற்கப்புறம் ஒரு வருடம் நீ பின்கட்டில் துணி காயப்போடும் கம்பத்துக்குப் பக்கத்தில் இடது பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து பழகினாய், மழையிலும் பழகினாய். நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். இல்லாத குறையைத் திருத்திக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தே பார்த்தேன். அப்பா ஒருநாள், "என்னத்துக்குடி அவ அங்கேயே தேய்ச்சுக்கிட்டு இருக்கா, போய்ப் போதும்னு சொல்லேன்" என்றார். நான் போகவில்லை. அவருக்கும் நேற்றுதான் சொன்னேன், எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார், சாப்பிடவும் வரவில்லை. கம்பத்துக்குப் பக்கத்தில் நீ பழகிய இடத்தில் இன்னும் புல் சரியாக முளைக்கவில்லை. உன்னிடம் பயிற்சிக்கு வருகிற பெண்களுக்கு முதல் நாளே இடது பக்க நகர்வைத்தான் சொல்லித் தருகிறேன் என்று நீ எழுதியபோது மற்ற அம்மாக்கள் பெருமைப்பட்டிருப்பார்கள், நான் கடிதத்தை மடித்து டப்பாவில் போட்டு மூடிவிட்டேன்.

இப்போது உன் கிளப்பில் தலைமைப் பயிற்சியாளர் வேலைக்கு உன்னையே கேட்டிருக்கிறார்கள், ஜூன் முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும், நீ வேண்டாம் என்று சொல்லப் போகிறாய். குழந்தை சின்னவள், குளிர், பயணம் என்று நாலு காரணம் எழுதிவிட்டுக் கடைசியில், "மாநில அணியிலயே இடம் கெடைக்காதவ நான், அந்த டீம் பொண்ணுங்களுக்கு முன்னாடி எப்படிம்மா நிப்பேன்" என்று எழுதியிருந்தாய். குழந்தைக்காக வேண்டாம் என்றால் சரி, நீயும் நில்ஸும் பேசி முடிவு எடுங்கள், நான் குறுக்கே வர மாட்டேன். இந்த வேலை சுகமான வேலை என்றும் சொல்ல மாட்டேன், ஆளை உறிஞ்சிவிடும், என்னையே பார். ஆனால் கடைசியாக எழுதினாயே, அந்தக் காரணம் மட்டும் உன்னுடையது இல்லை, நான் செய்து உன் தலையில் கட்டியது. அதை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்காதே. என்மேல் கோபப்படு, எவ்வளவு நாள் வேண்டுமோ அவ்வளவு நாள் பேசாமல் இரு, நான் தாங்கிக்கொள்வேன்.

நீயும் உன் வீடும் எந்தக் குறையும் இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம், டூவாவுக்கு நெற்றியில் ஒரு முத்தம். வேலையை ஏற்றுக்கொண்டால் ஒன்று மட்டும் மறக்காதே, கையெழுத்துப் போடுவதற்குமுன் ஒவ்வொரு பெயர்மேலும் விரல் வைத்து எண்ணு, எவ்வளவு களைப்பாக இருந்தாலும் எண்ணு. அந்த முகாமில் எழுதிய தாளைக் கிழித்துப்போட மனசு வராமல் இத்தனை வருடம் தையல் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன், இத்துடன் அனுப்புகிறேன். மேலிருந்து ஐந்தாவதாக ஒரு பெயர் அடிக்கப்பட்டிருக்கும். கோடு ஒன்றுதான், அதற்கு அடியில் பெயர் நன்றாகவே தெரிகிறது.

அதை எழுதியதும் அடித்ததும் ஒரே கைதான்,
உன் அம்மா கோரல்