ஓரத்துக் கரும்பும் ஆட்டுக் கண்ணும்

டெல்லி, செப்டம்பர் 1990

அன்புள்ள அப்பாவுக்கு பூங்காவனம் வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? கோமுகி அணைத் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்ததா?

இட ஒதுக்கீட்டுச் சண்டையில் இங்கே பஸ் சரியாக ஓடவில்லை. பயப்படாதீர்கள், ஆய்வுக்கூடம் விடுதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆட்டின் விழித்திரையில் நரம்பு செல்களைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களை எண்ணுகிறேன். பார்த்தால் நம் கரும்புதான். நடுவில் நெருக்கமாக, ஒல்லியாக, உயரமாக நிற்கின்றன. ஓரத்தில் இடைவெளி விட்டு, குட்டையாக, தடியாக இருக்கின்றன.

மகசூல் பார்க்கும்போது, "ஓரத்துல நிக்கிறது ஏமாத்தும்மா, உள்ள பூந்து எண்ணு" என்பீர்களே, அந்தப் பழக்கத்தில் விழித்திரையின் ஓரத்தையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டேன்! என் ஆய்வுக்கு வழிகாட்டும் மேடம் தலையில் அடித்துக்கொண்டார். ஓரமும் சேர்ந்தால்தான் முழுக் கண்ணாம். காரணத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். இப்போது ஓரத்திலிருந்துதான் எண்ண ஆரம்பிக்கிறேன்.

ஊரில் கோட்டாவில் படித்தவளா என்று சிலர் கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன்.

அம்மாவிடம் எலுமிச்சை ஊறுகாய் இரண்டு பாட்டில் கேட்டதாகச் சொல்லுங்கள். மெஸ்ஸில் எனக்கு ஓர மேசை. யாராவது எதிரே வந்து உட்கார்ந்தால் கொடுக்க ஒன்று வேண்டும்.

தபால்காரர் பெட்டியைத் திறக்கிறார், ஓடுகிறேன்.

உங்கள் மகள்
பூங்காவனம்