எமில் ரொஷோனை விசாரித்த விதம்

இயேசு மரி சூசை

கோட்-டெ-நெய்ஜ், மொன்றியல்
6 மார்ச் 1988

அன்புள்ள மகன் அம்புறோசுக்கு,

மூட்டு வலியை ஒரு நோயாக எண்ணாவிட்டால் நான் சுகம், தங்கச்சி கத்தரினும் சுகம். கிற்வேயில் நீயும் ஞானாம்பிகையும் பிள்ளைகளும் குறையின்றி இருக்க மாதாவை மன்றாடிக்கொண்டு எழுதுகிறேன். பெப்ரவரி இரண்டாம் திகதி நீ எழுதிய கடிதம் பத்தொன்பது நாள் பயணம் செய்து வந்து சேர்ந்தது. அதை இரண்டு முறை வாசித்தேன், முதல்முறை தாயாக, இரண்டாம்முறை விடைத்தாள் திருத்துகிறவளாக. கத்தரினை ஒரு பந்தடிக்காரனுக்கு, அதிலும் ஓர் அமெரிக்கக் கறுப்பனுக்குக் கட்டிக்கொடுக்க நீ சம்மதிக்கமாட்டாய் என்றும், அப்பா இல்லாத வீட்டில் உன் சொல்தான் கடைசிச் சொல் என்றும், உயிர்த்த ஞாயிறுக்கு முன் நான் இந்தக் கலியாணத்தை நிறுத்தி உனக்கு அறிவிக்கவேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். சாம்பியாவில் பதினொரு வருடமாகக் கறுத்த மக்களின் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்து, அவர்கள் தரும் மரியாதையையும் சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு, அதே மேசையில் இருந்து இதை எழுத உனக்குக் கை வந்தது எனக்கு வியப்பு. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதமாட்டேன். ஆனால் நான் ஒன்றையும் விசாரிக்காமல் தலையாட்டிவிட்டேன் என்று நீ எழுதியது பிழையான தகவல். உன் கலியாணத்துக்கு ஞானாம்பிகையின் குடும்பத்தை நான் எப்படி விசாரித்தேன் என்பதை நீ மறந்திருக்கமாட்டாய், அவர்களும் மறக்கவில்லை. அதைவிட அதிகமாகவே இந்த மனிதரை விசாரித்தேன். விசாரித்ததில் என்ன நடந்தது என்பதை ஒழுங்காக எழுதுகிறேன், வாசித்து முடித்தபின் உன் கடைசிச் சொல்லைச் சொல்.

மாப்பிள்ளையின் பெயர் எமில் ரொஷோன், வயது முப்பத்துமூன்று. லூயிசியானாவில் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் உள்ள ஒரு சிறிய ஊரில், பரம்பரையாகக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய ஊர்க் கிழவிகள் இன்றும் ஒருவிதப் பிரெஞ்சு பேசுவதால் இந்த நகரத்தில் என்னைவிட அவருக்குக் கடைகண்ணிக்குப் போவது சுலபம். முழங்காலுக்கு வைத்தியம் செய்ய கத்தரின் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கு வந்தவரைத் தள்ளுநாற்காலியில் வைத்துத் தள்ளியது உன் தங்கைதான். பாதி வழியில் நிறுத்தி, நூற்றுப்பதினெட்டுக் கிலோவைத் தள்ள எனக்கு ஏலாது, உங்களுக்கு ஒரு கால் நல்லாத்தானே இருக்கு, இறங்கி நடங்க என்று சொன்னாளாம். அவர் இறங்கி நடந்தாராம். பழக்கம் அங்கே தொடங்கியது. முதல் ஞாயிறு அவர் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது மூன்றாம் மாடியில் இருக்கும் மன்னார்த் திரேசம்மா சீனி கேட்கிற சாட்டில் வந்து பார்த்துவிட்டு, சமையலறையில் என் காதுக்குள், அக்கா, ஆள் கதவுக்குள்ளால வரக் குனியவேணும் போல கிடக்கு, இவருக்குச் சோறு போட்டுக் கட்டுமோ என்று கேட்டாள். கட்டாதுதான். ஆனால் சாப்பிட்டு முடித்ததும் எழுந்து போய்த் தன் கோப்பையைத் தானே கழுவி வைத்தார். நம் ஆண்களில் அப்படி ஒருவரையும் நான் எழுபது வயதுவரை கண்டதில்லை, உன்னையும் சேர்த்துத்தான்.

என்ன உத்தியோகம் என்பதுதானே முதல் கேள்வி. கேட்டேன். மனிதர்களைத் தடுப்பது என்றார். விளையாட்டின் பெயரைச் சொன்னால் எனக்கு விளங்காது, செய்கிற வேலையைச் சொல்லுங்கள் என்றேன். அடுத்த வாரம் ஒரு வீடியோ கசெற்றுடன் வந்து இரண்டு மணித்தியாலம் பொறுமையாக விளக்கினார், நான் கொப்பி வைத்துக் குறித்துக்கொண்டேன். பெயர் ஃபுட்போல்தானாம், ஆனால் நம் ஊர்க் கால்பந்து அல்ல, இரண்டு முனையும் கூரான பந்து அது. இங்கே ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர், அமெரிக்காவில் பதினொரு பேர். பந்தை வைத்திருக்கும் பக்கத்தார் மூன்று முயற்சிக்குள் பத்து யார் தூரம் முன்னேறவேண்டும், இவருடைய பக்கத்தார் அவர்களை முன்னேறவிடக்கூடாது. இவர் வரிசையின் ஓரத்தில் நிற்பவர். எதிர்ப்பக்கத்தில் பந்தை எறிகிறவன் எறிவதற்கு முன் அவனிடம் போய்ச் சேர்ந்து அவனை விழுத்தவேண்டும், அதற்கு இவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய மூன்று விநாடி. நடுவில் இவரைப் போலவே பருத்த ஒருவன் மறித்துக்கொண்டு நிற்பான். அவன் ஒரு கையை நிலத்தில் ஊன்றிக் குனிந்து நிற்கும்போது இவர் அவனுடைய முகத்தைப் பார்ப்பதில்லை, ஊன்றிய கையின் விரல் மூட்டுகளைப் பார்க்கிறார். மூட்டு வெளிறியிருந்தால் பாரம் முன்னால் இருக்கிறது, அவன் பாயப்போகிறான், பந்தோடு ஒருவன் ஓடி வருவான். விரல் நிலத்தைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் அவன் பின்வாங்கப்போகிறான், பந்து எறியப்படும். இதைக் கேட்டபோது எனக்கு இந்த விளையாட்டின்மீது முதல்முறையாக மதிப்பு வந்தது. முப்பது வருடம் விலங்கியல் படிப்பித்து, உயிருள்ள ஒன்றை உற்றுப்பார் என்று தொண்டை வற்றக் கத்தியும் பத்துப் பிள்ளைகள்கூடத் தேறவில்லை. இவர் பிழைப்பதே அப்படிப் பார்த்துத்தான்.

மிசிசிப்பியில் கறுப்பின மாணவர்கள் படிக்கும் கல்லூரி ஒன்றில் விளையாடிக்கொண்டிருந்தபோது, வருடாவருடம் அணிகள் முறைவைத்து ஆட்களைத் தெரிவு செய்யும் இடத்தில் எட்டாவது சுற்றில் இவருடைய பெயர் வந்தது. அமெரிக்க அணியில் மூன்று பருவம் விளையாடினார். நாலாவது பருவம் தொடங்க முன் ஒரு காலை ஒருவன் அறைக்கு வந்து, பயிற்சியாளர் கூப்பிடுகிறார், ஆட்டப் புத்தகத்தையும் கையோடு எடுத்து வா என்றானாம். புத்தகத்தை எடுத்து வரச் சொன்னால் வேலை போயிற்று என்று அர்த்தமாம், வேறு விளக்கம் கிடையாது. பிறகு ஒரு வருடம் தகப்பனோடு சீனி ஆலையில் மூட்டை ஏற்றினார். எண்பதாம் ஆண்டு இந்த நகரத்து அணிக்கு வந்து ஏழு பருவம் நின்றார். சென்ற ஆனி மாதம், பருவம் தொடங்க இருந்த நேரத்தில் அணியையே கலைத்துவிட்டார்கள். கத்தரின் இப்போது இந்நாட்டில் நிரந்தரமாக இருப்பவள். அவருக்கோ விளையாடுவதற்கென்று கொடுத்த அனுமதி மாத்திரம்தான் இருந்தது. மனைவி பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டால் கணவனும் இங்கே நிற்கலாம். மேற்குப் பக்கத்து அணி ஒன்று மே மாதம் வந்து பயிற்சி முகாமில் நில் என்று அழைத்திருந்தது. அதற்குப் போவது, அங்கே இடம் பிடித்துக்கொண்டு கலியாணத்தை வைப்பது என்பது அவருடைய திட்டம். அகதியாக வந்த பெண்ணின் கையெழுத்தில் நான் கனடாவில் நிற்கமாட்டேன் என்று கத்தரினிடம் சொல்லியிருக்கிறார்.

இவ்வளவும் அவர் வாயால் வந்தது. மட்டக்களப்பில் என்ன செய்வோமோ அதையே செய்தேன். கார்த்திகை மாதம் அவருடைய ஊர்ப் பங்குச் சுவாமிக்கு ஒரு கடிதம் எழுதினேன். குடி உண்டா, முன்பு கலியாணம் முடித்தவரா, குடும்பத்தில் பரம்பரை நோய் உண்டா, தாய்தகப்பனைப் பார்க்கிறாரா, ஊரில் பெயர் எப்படி என்று ஒன்றும் விடாமல் கேட்டேன். நம் ஊரில் சுவாமி அப்படியான கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, நாலு இடத்தில் மெல்ல விசாரித்து, மறுமொழியை இரண்டே வரியில் எழுதுவார். அந்தச் சுவாமிக்கு இந்த வழக்கம் தெரிந்திருக்கவில்லை. தூரதேசத்துச் சீமாட்டி ஒருவர் எங்கள் எமிலைப் பற்றி எவ்வளவு அக்கறையோடு கேட்டிருக்கிறார் பாருங்கள் என்று ஞாயிறு பூசை முடிவில், அறிவித்தல்களோடு சேர்த்து, என் கடிதத்தை முதல் வரியிலிருந்து கையெழுத்துவரை வாசித்துவிட்டார். அன்று பின்னேரம் முழுவதும் எமிலுக்குத் தொலைபேசி அழைப்பு. மறுநாள் வந்தவர் கதிரையில் இருக்காமல் நின்றுகொண்டே, மிஸ் அல்போன்ஸ், நான் குடிக்கிறனோ எண்டு நீங்க என்னட்டயே கேட்டிருக்கலாம், குடிக்கிறதில்லை, இப்ப என்ர பள்ளிக்கூடத்து ரீச்சரும் முடிவெட்டுறவரும் கூடி வாக்கெடுத்துக்கொண்டு இருக்கினம் என்றார். வயதில் மூத்த பெண்களை அவர்கள் ஊரில் இப்படித்தான் பெயருக்கு முன் மிஸ் சேர்த்து அழைப்பார்களாம். நான் மன்னிப்புக் கேட்டேன். வாக்கெடுப்பின் முடிவையும் கேட்டேன்.

தை மாதம் பதில் வந்தது, சுவாமியிடமிருந்து அல்ல, எமிலின் தாய் மடாம் ஓடெல் ரொஷோனிடமிருந்து. என் கேள்விகள் அனைத்துக்கும் ஒழுங்கு மாறாமல் பதில் எழுதிவிட்டு, இனி என் முறை என்று பதினான்கு கேள்விகளைக் கேட்டிருந்தாள். உங்கள் மகள் வேறு எவருக்கும் வாக்குக் கொடுத்தவளா, கோபம் வந்தால் சாமான் எறிவாளா, ஒறுத்தல் காலத்தில் மச்சமாமிசம் விடுவாளா, என் மகனைக் கட்டுவது அமெரிக்காவுக்குள் போவதற்கா. நம்முடைய சனம் அவர் எதற்கு இவளைக் கட்டுகிறார் என்று கேட்டுக்கொண்டிருக்க, அவருடைய சனம் இவள் எதற்கு அவரைக் கட்டுகிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கடிதத்தின் கடைசியில் சிறிய எழுத்தில் நாலு வரி இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஓர் ஆட்டத்தில் எமில் தலை குனிந்தபடி மோதி விழுந்து, பத்து நிமிடம் இரண்டு கையும் அசையாமல் கிடந்தான். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான், கூட விளையாடியவனின் மனைவி சொன்னாள். உங்கள் மகள் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள் என்று எழுதியிருந்தீர்கள். அவனுடைய கழுத்தை யாராவது பார்க்கவேண்டும்.

அடுத்த முறை எமில் வந்தபோது கத்தரின் வேலையில் நின்றாள். கண்ணை மூடச் சொல்லி, அவருடைய இடது கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு கராம்பை வைத்து, இது என்ன என்று கேட்டேன். பிறகு ஒரு சட்டைப் பொத்தானை வைத்துக் கேட்டேன். இரண்டுக்கும் ஒரே பதில்தான், தெரியாது. வலது கையில் இரண்டையும் உடனே சொன்னார். கழுத்தில் நரம்பு நசிந்தால் விரல் நுனியின் உணர்வு போகும். கண்ணைத் திறந்தபோது நான் எதைக் கண்டுபிடித்தேன் என்பது அவருக்கும் விளங்கிவிட்டது. எவ்வளவு காலம் என்றேன், இரண்டு பருவம் என்றார். அணி வைத்தியருக்குத் தெரியுமா, தெரியாது. கத்தரினுக்கு, தெரியாது. விளையாடாத ஆளுக்கு இந்த நாட்டில என்ன வேலை, மிஸ் அல்போன்ஸ் என்று கேட்டார். அது எனக்குத் தெரியாது, ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்கள் அவளுக்குச் சொல்லாவிட்டால் நான் சொல்லுவேன் என்றேன். வெள்ளிக்கிழமையே சொன்னார். கத்தரின் அவரை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்து, என்ர வாட்டில கழுத்துக்குக் கீழ ஒண்டும் உணராம எத்தினை பேர் கிடக்காங்க எண்டு தெரியுமாம்மா உங்களுக்கு, அவங்கட வாயில குழல் வச்சுத் தண்ணி பருக்கிறது நான், ஆளைக் கட்டச் சொன்னாக் கட்டுவன், கட்டிலக் கட்டமாட்டன் என்றாள். ஒன்பது நாள் அவருடைய தொலைபேசி அழைப்பை எடுக்கவில்லை. மகன், இந்த இடத்தில் உனக்கு ஒரு உண்மையை எழுதவேண்டும். நான் எதிராக ஒரு சொல் சொல்லியிருந்தால், நீ கேட்டபடி அந்த ஒன்பது நாளிலேயே கலியாணம் நின்றிருக்கும். நான் ஒரு பக்கமும் பேசவில்லை. அது அவர்கள் இருவரும் தீர்க்கவேண்டியது.

பத்தாம் நாள் எமில் கதவைத் தட்டினார். கையில் ஒரு பெரிய பழுப்பு உறை, அதற்குள் அவருடைய கழுத்தின் எக்ஸ்றே படங்கள். அவராகவே போய் எடுத்திருக்கிறார். அப்படி ஒரு மோதல் இன்னும் ஒன்று நடந்தால் எழும்பி நடப்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். முதல் படத்தைக் கத்தரினின் கையில் கொடுத்துவிட்டு, எங்கள் தொலைபேசியிலேயே மேற்கு அணியைக் கூப்பிட்டு, நான் வரவில்லை, எனக்குப் பதிலாக ஆளைப் பாருங்கள் என்றார். பதினொரு வருட உத்தியோகம் முடிய இரண்டு நிமிடம் ஆயிற்று. ஒருவரும் புத்தகம் கேட்கவில்லை. கத்தரின் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இந்த எலும்பைத்தானே ஒளிச்சு வச்சிருந்தீங்க என்று மாத்திரம் கேட்டாள், பிறகு தேத்தண்ணி போட்டாள். நான் என் வேலையைச் செய்தேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பது வழக்கம், இது இரண்டு அறை வீடு, என் இருமலும் கேட்கும், சம்மதமா என்று கேட்டேன். எத்தனையோ இடத்தில எத்தனை மணிக்கு வெளியில போகவேணும் எண்டு சொல்லியிருக்கினம், வந்து இரு எண்டு கேட்டது நீங்கதான் என்றார். நான் கட்டில் போடும் இடத்தை அளக்க அளவுநாடாவைத் தேடப் போனேன். இனி அகதிப் பெண்ணின் கையெழுத்தில்தான் அவர் இங்கே நிற்கப்போகிறார். அந்தப் பத்திரங்களை இருவருமாக நிரப்பிவிட்டார்கள். அனுமதி வந்ததும் இந்த நகரத்திலேயே அஹுன்ட்சிக் பகுதியில் ஒரு பாடசாலையில் உடற்பயிற்சி ஆசிரியருக்கு உதவியாளராக வரச் சொல்லியிருக்கிறார்கள்.

திருமணம் ஏப்ரல் பதினாறாம் திகதி சனிக்கிழமை, பங்குக் கோயிலில். சென்ற செவ்வாய் மடாம் ரொஷோனின் இரண்டாவது கடிதம் வந்தது. கழுத்தைப் பற்றி நன்றி எழுதிவிட்டு, ஒரேயொரு கேள்வி கேட்டிருக்கிறாள். பெண்ணுக்கு ஆபிரிக்காவில் ஒரு தமையன் இருப்பதாக எமில் சொன்னான், அவர் எப்படிப்பட்ட மனிதர், நீங்களும் நானும் இல்லாத ஒரு காலத்தில் என் மகன் போய் அவருடைய கதவைத் தட்டினால் திறப்பாரா. நிச்சயமாகத் தெரியாத ஒன்றை எழுதும் பழக்கம் எனக்கு இல்லை, அவளுக்கும் அது பிடிக்காது. ஆகையால் இன்னும் பதில் எழுதவில்லை. உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு எழுதுவேன்.

ஞானாம்பிகைக்கும் பிள்ளைகளுக்கும் உனக்கும் ஆண்டவருடைய ஆசீரும் மாதாவின் காவலும் என்றும் இருக்கட்டும். வயிற்றெரிவுக்கு மருந்து குடித்துக்கொண்டே மிளகாயும் தின்னாதே. தபாலுக்குப் போகப் பத்தொன்பது நாள், வரப் பத்தொன்பது நாள், கணித ஆசிரியருக்கு நான் கூட்டிக் காட்டத் தேவையில்லை.

இப்படிக்கு,
உன் தாய்
அல்போன்சம்மா