வந்தாறுமூலைக்குப் போவதாகச் சொன்ன அத்தானுக்கு

அத்தான்,

இன்று காலை ஏறாவூர்க் கராச்சிலிருந்து உங்கள் பிக்கப்பை ஓட்டிவந்து வளவுக்குள் விட்டேன். இறங்கிய பிறகும் கதவைச் சாத்த மனம் வரவில்லை. உள்ளேயிருந்து புது றெக்சின் மணமும் பெயின்ற் மணமும் அடித்தன. ஆசனம் கழற்றுவதற்கு முன்பு அதற்குள் வேறொரு வாசம் இருந்தது. டீசலும் நெல்லுத் தூசியும் உங்கள் சுருட்டுப் புகையும் சேர்ந்து ஊறிய வாசம். இப்போது மூக்கை எங்கே வைத்தாலும் அது இல்லை. வண்டியைத் திருத்தினேன் என்று சந்தோசப்பட வேண்டிய நாளில், உங்களை அதிலிருந்து கழுவித் துடைத்துவிட்ட மாதிரி ஓர் எண்ணம். அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாரியில் நீங்கள் உன்னிச்சையில் செத்துப்போனீர்கள். படுத்த இடத்திலேயே மூச்சுப் போய்விட்டது என்றார்கள். வந்தாறுமூலையில் உங்கள் தம்பி கொள்ளி வைத்தார். அக்காவின் தம்பி நான் பின்வரிசைக் கதிரையில் இருந்துவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழும்பி வந்தேன். ஒரு மாதம் கழித்து, நீங்கள் குடிசை போட்டிருந்த வயல்வட்டையின் சொந்தக்காரர் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் என் வீடு தேடி வந்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் பிக்கப்பின் திறப்பை நீட்டினார்.

"பிக்கப்ப மச்சானுக்குத்தான் குடுக்கணும் எண்டு சொன்னவர். ஏன் எண்டு நான் கேக்கல்ல."

நானும் கேட்கவில்லை.

உன்னிச்சையிலிருந்து உழவு மெசினில் கட்டி இழுத்துத்தான் கராச்சுக்குக் கொண்டுபோனோம். கராச் வைத்திருக்கும் றபீக் காக்கா பொனட்டைத் திறந்து பார்த்தார், கீழே குனிந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சேர், இத வித்துப்போட்டு வேற ஒண்டு எடுங்களன். தரை முழுக்கக் கறள் அரிச்சிட்டு. கால வெச்சா றோட்டுலதான் நிப்பீங்க," என்றார். திருத்தத்தான் வேண்டும் என்றேன்.  மனைவி போய் மூன்று வருசம். பிள்ளைகள் இரண்டு பேரும் கனடாவில். கச்சேரியில் அரசாங்க வேலையும் முடிந்துவிட்டது. ஒரு மனிதன் காலையில் சட்டை போட்டுக்கொண்டு போவதற்கு ஓர் இடம் வேண்டும் அல்லவா. எட்டு மாதமாகச் சனிக்கிழமைகளில் பஸ் ஏறி அங்கே போய்விடுவேன். தகரம் வெட்டுவதையும் வெல்டிங் பிடிப்பதையும் பார்த்துக்கொண்டு பின்னேரம் வரைக்கும் இருப்பேன். அந்த நாட்களில் மட்டும்தான் என் குரலை நானே கேட்டேன்.

பின்பெட்டியின் பழைய பெயின்ற்றை உரித்தபோது ஒரு மூலையில் தகரம் உள்ளுக்கு வளைந்திருந்தது. அதைத் தட்டி நிமிர்த்த வேண்டாம் என்றேன். அது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் இளையவள் பிறந்த வெள்ளம். வயல் எது, றோட் எது என்று தெரியாமல் தண்ணீர் நின்றது. அம்புலன்ஸ் பட்டிருப்புப் பாலத்துக்கு அந்தப்பக்கமே நின்றுவிட்டது. காலை எட்டு மணி இருக்கும். களுவாஞ்சிக்குடியிலிருந்து நீங்கள் பாலம் தாண்டி, தண்ணீருக்குள்ளால் எங்கள் வாசலுக்கு வந்து நின்றீர்கள். பின்பெட்டியில் மெத்தை விரித்து மனைவியைக் கிடத்தினோம். நான் மழைக்குப் படங்கைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதி வழியில் தண்ணீர் கதவுக்கு ஏறியது. வண்டியை நிறுத்தச் சொல்லி நான் கத்தினேன். நீங்கள் திரும்பிப் பார்க்காமலே சொன்னீர்கள்.

"தண்ணிக்குள்ள போகக்குள்ள கால எடுக்கப்படா மச்சான். நிண்டா நிண்டதுதான்."

மதகுக் கட்டில் பின்மூலை மோதி வளைந்தது. ஆனாலும் நீங்கள் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் அரை மணித்தியாலத்தில் பிள்ளை பிறந்தது. அதை முதலில் கையில் வாங்கியது நான் அல்ல, அக்கா. உங்களுக்கும் அக்காவுக்கும் பிள்ளை இல்லாத குறையை எங்கள் இளையவள்தான் தீர்த்து வைத்தாள். அவள் பள்ளிக்கூடம் போனதும் அந்தப் பிக்கப்பில், சாமத்தியச் சடங்குக்குப் பந்தல் சாமான் வந்ததும் அந்தப் பிக்கப்பில்.

அக்கா செத்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. இளையவளுக்குச் சம்பந்தம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளையின் தாய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டா: "பொண்ணுக்கு ஊடு எங்க?" நாங்கள் இருக்கும் என் மனைவியின் வீடு மூத்தவளுக்கு என்று முன்பே பேச்சு. மிச்சமிருந்தது களுவாஞ்சிக்குடி வீடு. அம்மா அக்காவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. நீங்கள் கட்டிய பின்விறாந்தையும் சீமெந்து போட்ட கிணற்றடியும் உள்ள வீடு. நம்முடைய ஊர் வழக்கத்தில் பெண்சாதி வீட்டுக்கு வந்த ஆண் நீங்கள். பெண்சாதி போய்விட்டாள், பிள்ளையும் இல்லை; வீடு அவள் பிறந்த பக்கத்துக்குத்தான். எனக்குச் சொன்னவர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

நான் கேட்க வந்த அன்று நீங்கள் பிக்கப்புக்குக் கீழே படுத்து ஒயில் இறக்கிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் இரண்டு பாதங்களும் மட்டும் வெளியே தெரிந்தன. நான் அந்தப் பாதங்களிடம்தான் கதைத்தேன். சம்பந்தம் வந்ததைச் சொன்னேன், மாப்பிள்ளை வீட்டார் கேட்டதைச் சொன்னேன். 

கீழேயிருந்து உங்கள் குரல் வந்தது. "ஓம் மச்சான். அது உங்கட அம்மாட ஊடு. புள்ளைக்குக் குடுங்க."

"நீங்க எங்க போவீங்க அத்தான்?"

"எனக்கென்ன. வந்தாறுமூலையில தம்பி இரிக்கான். அங்க போறதுதான் எனக்கும் நல்லம்."

நீங்கள் வெளியே வரவில்லை. முகத்தைப் பார்க்காமல் போனது நல்லதாய்ப் போயிற்று என்று எனக்குள் ஓர் ஆறுதல் வந்தது. அதை இன்றுதான் முதல்தடவையாக ஒப்புக்கொள்கிறேன். மறுகிழமை வந்து வீட்டு உறுதிப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தீர்கள். கலியாணத்துக்குக் கதிரைகளும் கிடாரங்களும் ஏற்றி வந்தீர்கள். மினுக்கிய வெள்ளைச் சட்டை போட்டிருந்தீர்கள். "எங்க இருந்து வாறீங்க அத்தான்?" என்று பேச்சுக்குக் கேட்டேன். "ஊட்டில இருந்துதான்," என்று சிரித்தீர்கள். பிறகு உன்னிச்சைப் பக்கம் நெல் ஏற்றுவதாகக் கேள்விப்பட்டேன். வருசப்பிறப்புக்கும் தைப்பொங்கலுக்கும் போன் எடுப்பேன். நல்லா இருக்கன் என்பீர்கள். நான் ஒருநாளும் வந்து பார்க்கவில்லை.

கராச்சில் வேலை தொடங்கி ஐந்தாம் மாதம் றபீக் காக்கா போன் எடுத்தார். "சேர், ஒருக்கா வந்து பாருங்க." போனேன். அதுவரை உள்ளே அடைந்து கிடந்த வெற்றுச் சாக்குகளை இறக்கிவிட்டு ஆசனத்தைக் கழற்ற ஆரம்பித்திருந்தார். பக்கத்து ஆசனத்தின் முதுகை யாரோ அளவாக அறுத்து, பிணைச்சல் போட்டு, பின்னால் மடிகிற மாதிரிச் செய்திருந்தார்கள். மடித்துவிட்டு அதன் மேல் விரிக்க ஒரு பலகை. கூரையில் நுளம்பு வலை கட்ட இரண்டு கொளுக்கி. கதவுப் பக்கத்தில் ஆணியில் கையளவு கண்ணாடி, அதற்குக் கீழே ஒரு தகரப் பேணிக்குள் சவர அலகு. வலது கதவின் உள்பக்கத்தில் சட்டை மாட்டும் கம்பி.

"ஆள் இதுக்குள்ளதான் இருந்திரிக்காரு சேர். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. பலகை தேஞ்சிரிக்கி பாருங்க."

"லோட் ஏத்தப் போற இடத்தில படுத்திருப்பார்," என்றேன்.

அவர் பலகையைத் தூக்கிச் சுவரில் சாத்தினார். பிறகு, "இத வைக்கிறதா, கழட்டுறதா?" என்று கேட்டார்.

"கழட்டுங்க. புதுசாப் போடுங்க."

 இரண்டு நாள் கழித்து வந்தாறுமூலைக்குப் போனேன். உங்கள் தம்பி வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கதிரை எடுத்துப் போட்டார்.

"அத்தான் இஞ்ச எத்தின வருசம் இருந்தவர்?" என்று கேட்டேன்.

"வருசமா? ஒரு கிழமை, ஏழு நாள்."

 அவர் அலவாங்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எண்ட ஊட்டுக்காரி ஒண்டும் சொல்லல்ல. புள்ளையளும் பெரியப்பா பெரியப்பா எண்டு காலச் சுத்தினதுகள். அவர்தான், இது உன்ட பொண்டாட்டிர ஊடுடா, எத்தின நாளைக்கு எண்டிட்டு வெளிக்கிட்டவர். ரெண்டு வருசம் வண்டிக்குள்ளதான். எங்க நிழல் கண்டாலும் அங்க. பொறகுதான் உன்னிச்சையில அந்த வட்டைக்கார மனிசன் துண்டுக் காணி குடுத்தது. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

வாசலை விட்டு வெளியே வந்ததும் றோட்டில் நின்றபடியே கராச்சுக்குப் போன் எடுத்தேன். "காக்கா, அந்தப் பலகையும் மற்றதுகளும் அப்படியே இரிக்கட்டும்."

 "சேர், புது சீட் வெல்டிங் பிடிச்சாச்சி. பலகைய ஹோட்டல்காரன் விறகுக்குக் கேட்டான், குடுத்துட்டன். நீங்கதானே கழட்டச் சொன்னீங்க."

அவர் மேல் ஒரு பிழையும் இல்லை. வீட்டிலிருந்து உங்களை எழுப்பியதும் நான், நீங்கள் இரண்டு வருசம் படுத்த பலகையை விறகுக்கு அனுப்பியதும் நான். இரண்டையும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அப்படிச் சொல்லிக்கொள்வதில் மனம் ஆறவும் இல்லை. என் மனைவி போன பிறகும் நான் அவளுடைய வீட்டில்தான் இருக்கிறேன் அத்தான். அவளுடைய கட்டிலில்தான் படுக்கிறேன். எழும்பு என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.

இன்று பின்னேரம் இளையவளுக்குப் போன் எடுத்தேன். அவளும் மாப்பிள்ளையும் கனடாவுக்குப் போய் ஐந்து வருசமாகக் களுவாஞ்சிக்குடி வீடு பூட்டித்தான் கிடக்கிறது. பிக்கப் ஓடுகிறது என்று சொல்லத்தான் எடுத்தேன். சொல்லத் தொடங்கியதும் எல்லாம் வந்துவிட்டது. ஒயில் இறக்கிய நாள், ஒரு கிழமை, பலகை, எல்லாம். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. இப்படிச் சொன்னாள்:

"கலியாணம் முடிஞ்ச மற்ற நாள் மாமா வந்து ஊட்ட எனக்குச் சுத்திக் காட்டினவர் அப்பா. குசினிக் கதவு மாரிக்கு இறுகும், கீழால தட்டித் திற எண்டவர். கிணத்துக் கப்பிக்கு எண்ணெய் விடு எண்டவர். மாமா எங்களோட இருப்பார் எண்டுதான் நான் நினைச்சன். எனக்கு அதுதான் விருப்பமும். நீங்கதான், அவருக்கு ஊருக்குப் போகத்தான் ஆசை எண்டு சொன்னீங்க."

ஓம், நான்தான் சொன்னேன்.

போனை வைத்துவிட்டு பிக்கப்பை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டி களுவாஞ்சிக்குடிக்குப் போனேன். பூட்டில் எண்ணெய் விட்டுத் திறந்தேன். குசினிக் கதவு இறுகித்தான் இருந்தது. கீழால் தட்டினேன், திறந்துகொண்டது. எல்லா யன்னல்களையும் திறந்துவிட்டு ஒவ்வோர் அறையாகப் போய் நின்றேன். முன்னறை, நடு அறை, சாமி அறை, நீங்கள் கட்டிய பின்விறாந்தையில் காற்று வருகிற அந்தச் சின்ன அறை. புதுமணத் தம்பதிக்கு இரண்டு அறை போதும் அத்தான். நாலு அறை இருந்தது.

அன்று உங்கள் பாதங்களுக்குப் பக்கத்தில் நின்று என்னென்னவோ சொன்னேன். "நீங்களும் புள்ளையோட இஞ்சயே இருங்க அத்தான்" என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. யாரும் என்னைத் தடுத்திருக்க மாட்டார்கள். மாப்பிள்ளையின் தாய்கூட ஒன்றும் சொல்லியிருக்க மாட்டா. ஏழு வருசம் பிந்தி அந்த வாக்கியம் இப்போது என் வாய்க்குள் இருக்கிறது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.