ஆத்தா கண்ணு

1969 மார்ச் 4

காலையிலிருந்து பசை கிண்டிக் கிண்டிக் கையெல்லாம் பிசுக்கு. பேனா வழுக்குகிறது. வழுக்கட்டும், இன்றைக்கு எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவர் லெட்சுமணன் வந்தார். "திருவிழாவுக்கு நெருப்புப் படம் நீங்கதான் போடுறீங்க. ஆத்தா முகமே வேணும். கீழ 'தாயே துணை'ன்னு எழுத்து." என் வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். எனக்கும்தான். போன வருசம் தெல்தோட்டையில் மழை பிடித்துப் பாதிப் படம் எரியாமல் நின்ற பிறகு ஒரு கோயில்காரரும் எங்கள் வாசலை எட்டிப் பார்க்கவில்லை.

இதுவும் சொதப்பினால் இவர் சித்திரை பிறந்ததும் கொழும்புக்குப் போய்த் துணிக்கடையில் நிற்பாராம். பட்டாசு மருந்துச் சாமான் கொடுக்கிற மஹ்மூத் நானா தன் மச்சான் கடையில் இடம் சொல்லி வைத்திருக்கிறார். வாணக் கொட்டகையை மூடிவிடலாம் என்கிறார் இவர். மூடுவாராமே! என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? கல்யாணமான நாளிலிருந்து நானும்தானே இதற்குள் கிடந்து குழல் சுருட்டுகிறேன்.

மார்ச் 10

மூங்கில் சட்டம் கூரையை விட உயரமாக நிற்கிறது. இவர் கரித்துண்டால் முகம் வரைந்தார். கோடு போகிற வழியெல்லாம் விரல் நீளக் காகிதக் குழல்களைக் குத்தி, தலைக்குத் தலை திரியால் இணைத்துக்கொண்டு வருகிறோம். ஒரு முனையில் கொளுத்தினால் ஒரே மூச்சில் முகம் முழுக்கப் பற்ற வேண்டும்.

ஒத்தாசைக்கு தோட்டத்து வரிசை வீடுகளில் மேல் லயத்திலிருந்து பாலம்மாக்கா வருகிறார். வாயும் ஓயாது, கையும் ஓயாது. "ஒம் புருசன் மூக்க வரைஞ்சிருக்கிற லட்சணத்தப் பாரு, ஆத்தாவுக்குச் சளி புடிச்ச மாதிரி." சொன்னது சரிதான். மூக்கை அழித்துத் திரும்பவும் போட்டார்.

மார்ச் 18, அமாவாசை, போயா லீவு

ஐயோ.

ஒத்திகை பார்க்கலாமென்று நெற்றியையும் கண்ணையும் மட்டும் கொளுத்தினோம். கண்ணுக்கு வெள்ளை மருந்து. பளிச்சென்று எரியும், சீக்கிரம் தீரும். தெரிந்த விசயம்தானே, எப்படித்தான் யோசிக்காமல் விட்டோமோ! நெற்றி சிவப்பாக எரிந்துகொண்டிருக்கும்போதே கண் இரண்டும் பொசுக்கென்று போய்விட்டன. இரண்டு கறுப்புக் குழி.

"ஆத்தா கண்ணு அவிஞ்சு போச்சே!" பாலம்மாக்கா தலையில் அடித்துக்கொண்டு ஓடினார். அவருடைய தங்கச்சிக்கு அம்மையில் ஒரு கண் போனது. அவரிடம் போய் நான் மருந்துக் கணக்கா பேச முடியும்?

மார்ச் 19

லெட்சுமணன் வந்தார். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை. "லயமே பேசுதுங்க. ஆத்தா முகத்தக் கொளுத்தி அணைக்கிறதுன்னா யாரு சம்மதிப்பா? படம் வேணாம். நாலு வாணத்த விடுங்க, போதும்."

இவர் சட்டையை மாட்டிக்கொண்டு நேராக மஹ்மூத் நானா கடைக்குப் போனார்.

மார்ச் 20

பசைச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன்.

மார்ச் 22

டவுன் கோயிலுக்குப் போனேன். வேண்டிக்கொள்ள அல்ல, ஆத்தாவிடம் சண்டை பிடிக்க. பாதிச் சண்டையில் பூசாரி திரையை இழுத்துவிட்டார், நைவேத்தியம். எல்லாரும் சும்மா நின்றோம். சாமி போய்விட்டதென்று யாராவது அழுதோமா? உள்ளே இருக்கிறாள் என்றுதானே நின்றோம்?

அட!

வீட்டுக்கு ஓட்டமாய் வந்து இவரிடம் சொன்னேன். எல்லாம் அணைந்த பிறகும் கண் எரியட்டும். கண் எரியும்போதே திரையைப் போட்டுவிடலாம்.

"ஒனக்கென்ன பைத்தியமா?"

"ஆமா. கொழும்புத் துணிக்கடையில சேலைய விரிச்சுக் காட்டுறதுதான் புத்திசாலித்தனமா?"

முறைத்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்ப் பெரிய குழலாக ஒன்று சுருட்டிப் பார்க்கிறார். அப்படி வாங்க வழிக்கு!

மார்ச் 23

நானே லயத்துக்கு ஏறினேன். பாலம்மாக்கா முதலில் முகம் கொடுக்கவில்லை. விடாமல் பேசினேன். கடைசியில் கேட்டார்.

"கண்ணு கடைசி வரைக்கும் நிக்குமா?"

"நிக்கும்."

"திரைத் துணியில வெளிச்சம் தெரியுமேடி. உள்ள மங்குறது தெரிஞ்சா, அவிஞ்சதும் ஒண்ணு, அதுவும் ஒண்ணுதானே?"

அதை நான் யோசிக்கவே இல்லை. பாலம்மாக்கா உள்ளே போனார். கொழுந்து பறிக்கும்போது மழைக்குப் போர்த்துகிற கறுப்புக் கம்பளியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். "இதுல தெரியுதான்னு பாரு."

வெயிலுக்கு நேரே பிடித்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. அக்காவைக் கட்டிப்பிடித்தேன். "சீ, விடுடி" என்றார்.

மார்ச் 27

லயத்துப் பொம்பளைகள் கம்பளி கம்பளியாகக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். சேர்த்துத் தைக்கிறோம். மழை, வியர்வை, தேயிலை எல்லாம் கலந்த வாசம், மூக்கு அடைக்கிறது. இவர் கண்ணுக்கு முழ நீளக் குழல் செய்துவிட்டார். வெள்ளை வேண்டாம், மெதுவாக எரிகிற மஞ்சள். மஞ்சள்தானே ஆத்தாவுக்கும் பிடிக்கும்.

லெட்சுமணன் சொன்னது: "பாலம்மா சரின்னா சரிங்க. அவ வாய்க்கு யாரு பதில் சொல்றது?" ஆனால் பிசகினால் இந்த மலைப்பக்கமே எங்களுக்கு வேலை கிடையாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 3

நேற்று திருவிழா.

மழை இல்லை. இருட்டினதும் இவர் திரியில் நெருப்பு வைத்தார். நான் சட்டத்துக்குப் பின்னால், திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு. சர்ரென்று ஓடிப் பற்றியது பாருங்கள்! கிரீடம், மூக்குத்தி, எழுத்து எல்லாம் ஒரே நேரத்தில். ஜனங்கள் "தாயே"ன்னு போட்ட சத்தம் எதிர் மலையில் பட்டுத் திரும்பியது.

பிறகு எழுத்து போனது. கிரீடம் போனது. முகம் போனது. கண் நின்றது. இருட்டில் வேறு ஒன்றுமில்லை, இரண்டு மஞ்சள் கண் மட்டும். ஒரு குஞ்சு குளுவான்கூட வாய் திறக்கவில்லை. எனக்கே உடம்பு சிலிர்த்தது, எரிவது எங்கள் குழல்தான் என்றாலும்.

பூசாரி மணியை அடித்தார். கயிற்றை விட்டேன். கம்பளி தொப்பென்று இறங்கியது. அந்தப் பக்கம் குலவைச் சத்தம், அடங்கவே இல்லை.

இந்தப் பக்கம் நானும் இவரும் மட்டும். இடது கண் முதலில் போனது. பிறகு வலது. இவர் என் கையைப் பிடித்திருந்தார், கை முழுக்க மருந்துக் கரி. "குளுந்துக்க ஆத்தா" என்று மெதுவாகச் சொன்னேன். அழுதேன். நன்றாகவே அழுதேன்.

ஏப்ரல் 8

மடுல்கெல்லையிலிருந்து ஆள் வந்தது. அவர்கள் கோயிலுக்கும் கண் நிற்கிற படம் வேண்டுமாம். மஹ்மூத் நானா வந்து, "மச்சான் கேட்டு அனுப்பியிருக்காரு, தம்பி வருவாரா மாட்டாரா?" என்றார். இவர் மூங்கில் பிளந்துகொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. "இப்பக் கை ஓயல நானா" என்றார்.

சாயங்காலம் பாலம்மாக்கா இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். "இவளுக நம்ப மாட்டேங்கிறாளுக. ஆத்தா கண்ணு அவியவே இல்ல, அப்பிடியே உள்ள போயிட்டா. நீதானே திரைக்குப் பின்னால நின்ன, சொல்லுடி."

மூன்று பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆமாக்கா" என்றேன். "உள்ள போயிட்டா."