நான் முழுக்கை போட்ட ஒன்பது நாள்கள்

என் வேன்கார அப்பாவுக்கு,

உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். இடது கையில், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, பச்சை குத்திக்கொண்டேன். இரு, முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. சாமி படமில்லை, பூவில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் போனபோது என் பரீட்சை அட்டையின் பின்னால் நீலப் பேனாவால் ‘எழில்’ என்று எழுதிக் கொடுத்தாயே, அதே எழுத்து. அந்த ‘ழி’யின் வாலை அட்டையின் ஓரம் வரைக்கும் இழுத்துவிட்டிருப்பாய். நீ எழுதியதாக வீட்டில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அதுவும் வருஷத்துக்கு வருஷம் வெளுத்துக்கொண்டே வருகிறது.

செங்கம் ரோட்டில் நான் வேலை பார்க்கும் கெஸ்ட் ஹவுஸுக்கு எதிர்ச் சந்தில் டாட்டூ கடை இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் முதுகில் ஓம் போட்டுக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்து எத்தனையோ நாள் சிரித்திருக்கிறேன். உன் திதி முடிந்த மறுநாள் நானே போய் அங்கே உட்கார்ந்தேன்.

“இந்த வாலு ரொம்ப நீளமா இருக்குதுங்க, கம்மி பண்ணிடட்டா?” என்றார் கடைக்காரர்.

“வேணாங்க, அப்படியே போடுங்க.”

“சுகர் எதுனா இருக்கா?”

“இல்லீங்க.”

பொய் சொன்னேன் அப்பா. கெஸ்ட் ஹவுஸில் நடந்த மருத்துவ முகாமில் விரலில் குத்திப் பார்த்த நர்ஸம்மா, “ஜாஸ்தியா காட்டுதும்மா, வெறும் வயித்துல ஒரு டெஸ்ட் எடுத்துடு” என்று சொல்லி எட்டு மாதமாகிறது. நான் எடுக்கவில்லை. எடுத்தால்தானே இருக்கிறது என்று ஆகும்?

கடைக்காரர் சொல்லியனுப்பியதெல்லாம் எனக்கு மனப்பாடம். கையைக் கழுவிவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும். வாசனையில்லாத சோப்பால் மெதுவாகக் கழுவ வேண்டும். துண்டால் தேய்க்கக் கூடாது, டிஷ்யூவால் ஒற்ற வேண்டும். களிம்பை மெல்லிசாகத் தடவ வேண்டும். அரித்தாலும் சொறியக் கூடாது, தோல் உரிந்தாலும் பிய்க்கக் கூடாது. வெயில் கூடாது, வியர்வை கூடாது. “மஞ்சள், விபூதி எதுவும் வச்சிடாதீங்க. நம்ம ஊர்ல மொதல்ல அதத்தான் வைக்கறாங்க” என்றார். கடைசியாக, “இத படம்னு நெனைக்காதீங்க. காயம்னு நெனச்சி பாத்துக்கோங்க” என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் என் கையைச் சரியாகக் குனிந்து பார்த்தேன். காயம். உன்னைக் கொண்டுபோனதும் அதுதானே? உன் மேல் உள்ள ஆசையில், உன் சாவை நானே என் கையில் குத்திக்கொண்டுவிட்டேனா?

உனக்கு நினைவிருக்கிறதா, கீழ்பென்னாத்தூர் மார்க்கெட்டுக்குக் கத்திரிக்காய் ஏற்றிக்கொண்டு போன அன்று வேனுக்குள் ஒரு நாற்றம் அடித்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று நான் சீட்டையெல்லாம் தூக்கித் தேடினேன். நீயும் என்னோடு சேர்ந்து தேடினாய் அப்பா. உன் கால்தான் என்று தெரிந்துகொண்டே தேடினாய். பௌர்ணமிக்கு வெறுங்காலில் அண்ணாமலையைச் சுற்றியபோது ஏறிய முள். பிடுங்கிப் போட்டுவிட்டு விபூதியை அப்பிக்கொண்டு, அடுத்த பௌர்ணமிக்கும் நடந்தாய். வாழ்நாளில் சாக்ஸே போடாத மனுஷன் திடீரென்று சாக்ஸ் போட ஆரம்பித்ததற்கு, “புது மாப்பிள ஆயிட்டாருடி உங்கப்பா” என்று அம்மா கேலி செய்தாள். நானும் சிரித்தேன். ஆஸ்பத்திரியில் முதலில் விரலை எடுக்க வேண்டும் என்றார்கள், பிறகு காலை என்றார்கள். அதற்குப் பிறகு நீ உயிரோடு வீடு திரும்பவில்லை.

அதனால் நான் தினமும் காலையில் எழுந்ததும் என் கையை முகர்ந்து பார்த்தேன். பல் துலக்குவதற்கு முன்னால் அதுதான் வேலை. அக்குளில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். நெற்றியைத் தொட்டால் எப்போதும் சுடுகிற மாதிரியே இருக்கும்.

ஐந்தாம் நாள் மற்ற எழுத்தெல்லாம் மெல்லிய தோலாக உரிய ஆரம்பித்தது. வால் மட்டும் சிவந்து, தொட்டால் சூடாக இருந்தது. ஏழாம் நாள் சிவப்பு இன்னும் கொஞ்சம் பரவியது. எட்டாம் நாள் வாலின் நுனியில் மஞ்சளாக ஒரு பொட்டு நீர் கோத்திருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? எதுவும் செய்யவில்லை. பீரோவிலிருந்து இன்னொரு முழுக்கைச் சுடிதாரை எடுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

ஒன்பதாம் நாள் பௌர்ணமி. நம் அடி அண்ணாமலை வீட்டு வாசலில் காலையிலிருந்தே ஜனங்கள் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா தலைக்குக் குளித்துவிட்டு, உன் பேரில் மலை சுற்றக் கிளம்பி நின்றாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இந்த வெயில்ல இன்னாத்துக்குடி முழுக்கை?”

“சும்மாதாம்மா.”

“ஒரு வாரமா பாக்கறேன். சும்மாவா?” அம்மாவின் குரல் இறங்கியது. “உங்கப்பா சாக்ஸ் போட்டுனு இருந்தாரு. நீ முழுக்கை போட்டுனு இருக்கற. காட்டு.”

காட்டினேன். வேறு என்ன செய்வேன்? மஞ்சளை அரைக்கப் போகிறாள், இல்லாவிட்டால் அறையப் போகிறாள் என்று நினைத்தேன். அம்மா என் கையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது என்பது உனக்குத் தெரியும். “இது அவரு எழுத்தாச்சே” என்றாள். அப்புறம்தான் சிவப்பைப் பார்த்தாள். உள்ளே போய் இரண்டு ஜோடி செருப்பைக் கொண்டு வந்து என் முன்னால் போட்டாள்.

“போட்டுக்கோ. இன்னிக்கு மல சுத்தல. ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

ஆட்டோ விடவில்லை. அத்தனை கூட்டத்தில், வெறுங்கால்களுக்கு நடுவே, நாங்கள் இருவர் மட்டும் செருப்புக் காலோடு டவுன் வரைக்கும் நடந்தோம். அம்மா என் வலது கையை விடவே இல்லை.

“வீட்ல யாருக்குனா சுகர் இருக்கா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“இவங்கப்பாவுக்கு இருந்துச்சிங்க. சுகரும் இருந்துச்சி, பயமும் இருந்துச்சி. ரெண்டும் இவளுக்கு வந்துடுச்சி” என்றாள் அம்மா.

ஆமாம் அப்பா, எனக்கும் சுகர் இருக்கிறது. சுகருக்கும் கைப்புண்ணுக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். டாக்டரம்மா நீலப் பேனாவால் சிவப்பைச் சுற்றி ஒரு கோடு போட்டார். “செவப்பு இந்தக் கோட்டத் தாண்டுச்சின்னா உடனே வந்துடணும், நாளைக்குப் பாக்கலாம்னு உக்காந்துடாத” என்றார்.

நீ வைராக்கியக்காரன், கால் புண்ணானாலும் மலை சுற்றுவதை விடவில்லை என்று ஊரே இன்னும் பேசுகிறது. நானும் அப்படித்தான் நம்பினேன், அதனால் உன் மேல் கோபமாகவும் இருந்தேன். இப்போது எட்டு நாள் என் கையை மூடிவைத்துப் பார்த்த பிறகு தெரிகிறது. நீ பயந்திருக்கிறாய். காட்டினால் என்ன சொல்வார்களோ என்று பயந்திருக்கிறாய். சீட்டைத் தூக்கி எலியைத் தேடியபோது என் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் கேட்டிருந்தாலாவது சொல்லியிருப்பாயா?

இன்று பதினோராம் நாள். காலையில் பார்த்தேன், சிவப்பு கோட்டுக்கு உள்ளேதான் இருக்கிறது. பயம் போகவில்லை. மாத்திரை முடிகிற வரைக்கும் போகாது, சுகர் இருக்கிற வரைக்கும் முழுசாகப் போகாது என்றுதான் நினைக்கிறேன். வால் ஆறும்போது மை கொஞ்சம் போய்விடும் என்கிறார்கள். போனால் போகட்டும், நீ நினைவில் இருக்கிறாய்.

ஒன்றை மட்டும் உனக்குச் சத்தியம் செய்கிறேன். இனிமேல் உடம்பில் எந்தக் காயம் வந்தாலும், பயந்துகொண்டேயாவது அம்மாவிடம் காட்டிவிடுவேன். இப்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இன்று அரைக்கை போட்டிருக்கும் உன் மகள்,
எழில்